கயிற்றில் நிற்கும் இரும்பு

சீனாவின் சியான் நகருக்கு அருகே, முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங்கின் கல்லறை மேட்டுக்குத் தென்கிழக்கில், 1998இல் தொல்லியலாளர்கள் ஒரு பெருங்குழியைக் கண்டறிந்தார்கள். அதற்கு கே9801 என்று எண் கொடுத்தார்கள். 1974இல் வெளிப்பட்ட களிமண் படை நிற்கும் குழிகளிலிருந்து இது தள்ளி இருக்கிறது. இதற்குள் வீரர்கள் இல்லை. கவசங்கள் மட்டும் குவிந்து கிடந்தன. தோண்டிப் பார்த்த சிறு பகுதியிலேயே 80க்கும் மேற்பட்ட மார்புக் கவசங்களும் 40க்கும் மேற்பட்ட தலைக்கவசங்களும் கிடைத்தன. அத்தனையும் சுண்ணாம்புக்கல். கல்லை மெல்லிய தகடுகளாகச் சீவி, ஒவ்வொரு தகட்டிலும் துளைகள் போட்டு, செப்புக் கம்பியால் ஒன்றோடொன்று பிணைத்திருந்தார்கள். எடுத்து மறுபடியும் கோத்த ஒரு கவசத்தில் 612 தகடுகள் இருந்தன. எடை சுமார் 18 கிலோ.

கல் கவசத்தைப் போட்டுக்கொண்டு யாரும் போருக்குப் போக முடியாது. ஓங்கி ஒரு அடி விழுந்தால் தகடு இரண்டாகும். உயிருள்ள வீரர்கள் தோலிலும் இரும்பிலும் அணிந்ததை, இறந்துபோன மன்னருக்காகக் கல்லில் படியெடுத்திருக்கிறார்கள். அதாவது, இன்று திரைப்படத்துக்காகவும் வரலாற்று விழாவுக்காகவும் செய்யப்படும் மாதிரிக் கவசங்களுக்கு 2,200 ஆண்டு மூத்த முன்னோடி இது.

இந்த நகலால் நமக்குக் கிடைத்த பயன் பெரியது. அந்தக் காலத்து அசல் தோல் கவசங்கள் மண்ணில் மக்கிவிட்டன. கல்லும் செம்பும் மக்கவில்லை. எந்தத் தகடு எதன்மேல் படிந்தது, துளைகள் எங்கே இருந்தன, கட்டு எந்த வழியாக ஓடியது என்பதெல்லாம் நகலில் அப்படியே தங்கிவிட்டது. அசல் தொலைத்துவிட்ட அறிவை நகல் காப்பாற்றி வைத்திருக்கிறது. இந்த அத்தியாயம் அந்த அறிவைப் பற்றியது. தகடுகளைக் கோத்துச் செய்யும் கவசத்தில் கண்ணுக்குத் தெரிவது இரும்பு. அதைக் கவசமாக்குவது கயிறு.

தகடு, துளை, கட்டு

உலோகக் கவசங்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம். இரும்பு வளையங்களை ஒன்றுக்குள் ஒன்று கோத்தது வளையக் கவசம். பெரிய தகடுகளை உடம்பின் வடிவத்துக்கு அடித்து வளைத்தது முழுத்தகட்டுக் கவசம். சிறு தகடுகளை ஒரு துணியிலோ தோலிலோ வரிசையாகத் தைத்தது செதில் கவசம். நான்காவதுதான் லாமெல்லர். இதிலும் சிறு தகடுகள்தான். ஆனால் பின்னால் துணி கிடையாது. தகட்டைத் தகட்டோடு நேரடியாகக் கட்டி ஒரு வரிசை ஆக்குவார்கள். பிறகு வரிசையை வரிசையோடு தொங்கக் கட்டுவார்கள். முழுக் கவசமும் கட்டின் பலத்தில்தான் நிற்கிறது.

செதிலுக்கும் லாமெல்லருக்கும் இன்னொரு வேறுபாடு உண்டு. செதில் கவசத்தில் மேல்வரிசை கீழ்வரிசையின்மேல் வந்து விழும், ஓட்டுக்கூரையில் ஓடு படிவதுபோல. லாமெல்லரில் பெரும்பாலும் கீழ்வரிசையின் மேல்விளிம்பு, தனக்கு மேலிருக்கும் வரிசையின் வெளிப்புறத்தில் வந்து நிற்கும். அணிந்தவர் குனியும்போது வரிசைகள் ஒன்றுக்குள் ஒன்று நழுவிச் சுருங்கும். நிமிரும்போது மறுபடி நீளும். இந்த அசைவுக்கு இடம் கொடுப்பது வரிசைகளுக்கு நடுவே தொங்கும் கயிறு.

இந்த உத்தி ஆசியா முழுவதும் பரவி, ஐரோப்பாவின் ஓரம்வரை போயிருக்கிறது. அசீரியர்களின் நிம்ரூத் நகரில் 19ஆம் நூற்றாண்டில் தொல்லியலாளர் லேயார்ட் தோண்டியபோது இரும்புக் கவசத் தகடுகள் கிடைத்தன. ஜெர்மனியின் நீடர்ஷ்டோட்சிங்கனில், கி.பி. 600ஐ ஒட்டிய ஒரு கல்லறையில் லாமெல்லர் உடற்கவசமும் அதே முறையில் கோத்த தலைக்கவசமும் இருந்தன. கொரியாவின் கியோங்ஜுவில் 2009இல் தோண்டிய சில்லா காலக் கல்லறையில் வீரனுக்கும் குதிரைக்குமான கவசங்கள் சேர்ந்தே கிடைத்தன. பைசாந்தியம், திபெத், மங்கோலியா, ஜப்பான் என்று பட்டியல் நீளும்.

இவ்வளவு பேரும் இதைத் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணம் இரும்புத் தொழில். பழைய உலைகள் பெரும்பாலானவற்றில் இரும்பு உருகி ஓடாது. கசடு கலந்த கட்டியாகத்தான் வெளியே வரும். அதை அடித்து அடித்துத்தான் சுத்தப்படுத்த வேண்டும். ஒரே சீரான பெரிய தகடு எடுப்பது மிகக் கடினம். விரலகலத் தகடு எடுப்பது எளிது. ஒரு தகட்டில் குறை இருந்தால் அதை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்ளலாம். பெருந்திறமை இல்லாத பத்துப் பேர் தகடு வெட்டித் துளை போட, விஷயம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து கோக்கலாம். போரில் நான்கு தகடு நசுங்கினால் அந்த நான்கை மட்டும் மாற்றலாம்.

1245 முதல் 1247 வரை மங்கோலியாவுக்குப் போய்வந்த இத்தாலியத் துறவி ஜான் கார்ப்பினி, போப்பாண்டவருக்கு எழுதிய அறிக்கையில் இந்த வேலையை விவரித்திருக்கிறார். விரலகலம், உள்ளங்கை நீளம் உள்ள மெல்லிய இரும்புத் தகடுகள். ஒவ்வொன்றிலும் எட்டுச் சிறு துளைகள். அவற்றைக் கட்டுவதற்குத் தோல்வார்கள். முகம் பார்க்கும் அளவுக்கு மங்கோலியர்கள் தகடுகளைத் துலக்கி வைத்திருந்தார்கள் என்றும் எழுதுகிறார். எதிரியின் ஆயுதத்தைத் தெரிந்துகொண்டு திரும்ப வேண்டிய தூதர் அவர். அதனால்தான் துளைகளை எண்ணியிருக்கிறார். இன்று நகல் செய்பவர்கள் அவருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள்.

400 தகடுகளின் கணக்கு

கவசம் எப்படிக் காக்கிறது என்று தெரிந்துகொள்ள, ஒன்றைக் கணக்குப் போட்டே செய்து பார்ப்போம்.

8 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலம், 1 மி.மீ. தடிப்பு உள்ள தகடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரும்பின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 7.85 கிராம் அளவில் இருக்கும். எனவே ஒரு தகடு சுமார் 19 கிராம். பக்கத்துத் தகட்டின்மேல் 1 செ.மீ. ஏறி நின்றால், ஒவ்வொரு தகடும் 2 செ.மீ. சுற்றளவை மறைக்கும். உள்ளே தடித்த அங்கி போட்ட ஒரு மனிதரின் மார்பைச் சுற்றி வர 50 தகடு வேண்டும். மார்பிலிருந்து இடுப்புக்குக் கீழ்வரை 8 வரிசை. மொத்தம் 400 தகடு, ஏழரைக் கிலோ. கார்ப்பினி சொன்ன கணக்கில் எட்டெட்டுத் துளை என்றால் 3,200 துளைகள். ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்குச் சராசரியாக 2 செ.மீ. கயிறு போகும் என்று வைத்தாலே 64 மீட்டர் வேண்டும். அதே தகட்டை ஒன்றரை மி.மீ. தடிப்பில் எடுத்தால் கவசம் 11 கிலோவைத் தாண்டும். அரை மி.மீ. வேறுபாடு தோளில் மூன்றே முக்கால் கிலோவாக இறங்குகிறது.

1 மி.மீ. தகடுகள் இரண்டு ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் 2 மி.மீ. தகட்டின் பலம் வந்துவிடுமா? வராது. தகடு வளையாமல் நிற்கும் விறைப்பு, தடிப்பின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. தடிப்பை இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும். ஒட்டாமல் அடுக்கிய இரண்டு தகடுகள் வளையும்போது ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதால், அவற்றின் விறைப்பு இரண்டு மடங்குதான். லாமெல்லரின் பலத்தை அடுக்கின் தடிப்பில் மட்டும் தேடக்கூடாது என்பதற்கு இதுவே சான்று.

மீதிப் பலம் அசைவிலிருந்து வருகிறது. 60 கிராம் எடையுள்ள அம்பு விநாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் வந்தால் அதன் இயக்க ஆற்றல் 75 ஜூல். அதை 1 செ.மீ. தூரத்துக்குள் நிறுத்தினால் உடம்பில் விழும் சராசரி விசை 7,500 நியூட்டன். 3 செ.மீ. தூரத்தில் நிறுத்தினால் 2,500 நியூட்டன். அடிபட்ட தகடு உள்ளே அமுங்கும்போது, கட்டு பக்கத்துத் தகடுகளையும் இழுக்கிறது. மேலும் கீழும் உள்ள வரிசைகள் சற்றே நகர்கின்றன. உள்ளே இருக்கும் பஞ்சங்கி நசுங்குகிறது. இப்படி ஒரு புள்ளியில் விழுந்த அடி பரவவும் தாமதிக்கவும் செய்கிறது. கட்டு மிகத் தளர்வாக இருந்தால் தகடு விலகி அம்பு நுழைய இடைவெளி விழும். மிக இறுக்கமாக இருந்தால் குனிய முடியாது, மூச்சு இழுக்கவும் கஷ்டம். பொருத்தமான இறுக்கத்தைக் கைதான் கண்டுபிடிக்க வேண்டும். எந்த வரைபடமும் அதைச் சொல்லாது.

துளையின் ஓரம்

ஒரு துளையை நெருங்கிப் பார்ப்போம். தகட்டை இழுக்கும்போது, வட்டத் துளையின் ஓரத்தில் தகைவு சராசரியைப்போல மூன்று மடங்கு ஏறும் என்பது பொறியியலின் அடிப்படைப் பாடங்களில் ஒன்று. ஓரத்தில் ஏற்கெனவே ஒரு கீறல் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். அதனால்தான் துளைகளைத் தகட்டின் விளிம்புக்கு மிக அருகில் போடக்கூடாது.

பஞ்ச் வைத்து அடித்தாலும் டிரில் போட்டாலும் துளையின் பின்பக்கம் பிசிறு எழும்பும். கண்ணுக்கு அது ஒன்றுமில்லை. விரல் நுனியால் தடவினால்தான் முள் தெரியும். அந்தப் பிசிறு அப்படியே இருந்தால், அணிந்தவர் எடுத்துவைக்கும் ஒவ்வொரு அடியிலும் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். முதல் நாள் கவசம் மிடுக்காக நிற்கும். சில விழாக்களுக்குப் பிறகு, எந்தச் சண்டையும் போடாமலேயே, ஒரு வரிசை தொங்கிப்போகும். ஆகவே, துளை போடும் விட்டத்தைவிடப் பெரிய டிரில் முனையைத் துளையின்மேல் வைத்து இரண்டு சுற்றுச் சுற்றி ஓரத்தைச் சரிக்க வேண்டும். 400 தகடு, 3,200 துளை, இரண்டு பக்கம். 6,400 முறை செய்ய வேண்டிய வேலை இது. விலை குறைந்த கவசத்தில் முதலில் விட்டுப்போவது இதுதான். வாங்குபவர் முதலில் தடவிப் பார்க்க வேண்டியதும் இதைத்தான்.

கயிறு ஓடும் வழியிலும் ஒரு தேர்வு இருக்கிறது. நீளமான ஒரே வாரால் முழு வரிசையையும் கோத்தால் வேலை சீக்கிரம் முடியும், இறுக்கமும் சமமாக இருக்கும். ஆனால் ஓரிடத்தில் அறுந்தால் அந்த வரிசை முழுவதும் நெகிழ ஆரம்பிக்கும். சில தகடுகளுக்கு ஒருமுறை முடிச்சுப் போட்டு நிறுத்தினால் சேதம் அங்கேயே நிற்கும். ஆனால் முடிச்சுகள் உள்ளே உறுத்தும், கோக்கும் நேரமும் கூடும். கயிறு தகட்டின் வெளிப்புறம் அதிகம் தெரிந்தால் வாள்வெட்டில் அறுபடும். உட்புறம் அதிகம் ஓடினால் அங்கியில் உரசித் தேயும். லாமெல்லர் அணிந்த ஒவ்வொரு சமூகமும் இந்தக் கேள்விகளுக்குத் தனக்கான விடையைக் கண்டது. துளைகளின் அமைப்பு இடத்துக்கு இடம் மாறுவது இதனால்தான்.

ஜப்பானியர் செய்த மாற்றம்

கட்டும் கலையை உச்சத்துக்குக் கொண்டுபோனவர்கள் ஜப்பானியர்கள். ஓ-யோரோய் என்ற பழைய குதிரை வீரர் கவசத்தின் அடிப்படை கோசானே எனப்படும் சிறு தகடு. ஒவ்வொன்றிலும் 13 அல்லது 14 துளைகள். ஒரு தகடு பக்கத்துத் தகட்டைப் பாதிக்குப் பாதி மறைக்கும். எடையைக் குறைக்க, முக்கியமான இடங்களில் இரும்பும் மற்ற இடங்களில் பதனிடாத மாட்டுத்தோலும் கலந்து கோப்பார்கள். கோத்த வரிசைக்கு அரக்குப் பூசிப் பலகைபோல் விறைப்பாக்கி, அந்தப் பலகைகளைப் பட்டுப் பின்னல் நாடாவால் மேலும் கீழும் தொங்கவிடுவார்கள்.

அந்த அரக்கின் வேதியியல் வியப்பானது. ஒருவகை மரத்தின் பாலிலிருந்து எடுக்கும் உருஷி அது. மற்றப் பூச்சுகள் காய வறண்ட காற்று வேண்டும். உருஷி இறுக ஈரக்காற்று வேண்டும். அதிலுள்ள லாக்கேஸ் என்ற நொதி, ஈரமும் ஆக்சிஜனும் கிடைத்தால்தான் உருஷியோல் மூலக்கூறுகளைப் பிணைக்கும். ஈரப்பதம் 70 முதல் 80 விழுக்காடு உள்ள பெட்டிக்குள் வைத்துத்தான் இதை இறுக வைப்பார்கள். இறுகிய பிறகு தண்ணீர் உள்ளே போகாது. தோல் ஊறாது, இரும்பு துருப்பிடிக்காது. ஆனால் இறுகாத உருஷி தோலில் பட்டால் கடுமையான அரிப்பும் கொப்புளமும் வரும்.

தகட்டைக் காத்த அரக்கால் நாடாவைக் காக்க முடியவில்லை. 16ஆம் நூற்றாண்டில் படைகள் பெருத்தன. 1543இல் ஜப்பானுக்குள் வந்த துப்பாக்கி வேகமாகப் பரவியது. அடர்ந்த பட்டுக் கட்டுக்குச் செலவும் நேரமும் கட்டுப்படியாகவில்லை. பெரிய தகடுகளும் இடைவெளிவிட்ட எளிய கட்டும் அதன் இடத்தைப் பிடித்தன.

நீண்ட அமைதிக்குப் பிறகு, பிரபுக்கள் பழைய பாணிக் கவசங்களை அழகுக்காக மீண்டும் செய்யச் சொன்னார்கள். இதைப் பார்த்து வருந்திய அறிஞர் சகாகிபாரா கோசான் 1800இல் ஒரு நூல் எழுதினார். அடர்ந்த கட்டுள்ள கவசத்தின் குறைகளை அதில் வரிசைப்படுத்துகிறார். நனைந்தால் கனக்கும், சீக்கிரம் உலராது. கோடையில் புழுங்கும், குளிர்காலத்தில் உறையும். சேறு புகுந்தால் எத்தனை முறை கழுவினாலும் போகாது. நீண்ட படையெடுப்பில் நாற்றம் எடுக்கும், எறும்பும் பேனும் குடியேறும். வழுக்கி ஓட வேண்டிய ஈட்டிமுனை கட்டில் சிக்கி நின்றுவிடும். போரை மறந்த காலத்தில் போர்க் கவசத்தின் நகல் எதை இழக்கும் என்பதை, நகல்கள் புழங்கிய அந்தக் காலத்திலேயே ஒருவர் துல்லியமாகச் சொல்லியிருக்கிறார். மாதிரிக் கவசம் செய்யும் எவரும் இந்தப் பட்டியலைப் பட்டறைச் சுவரில் ஒட்டிவைக்கலாம்.

மண் தின்ற கயிறு

மண்ணுக்குள் இரும்பு துருவாகவாவது மிஞ்சும். தோலும் பட்டும் நூலும் மிஞ்சுவது அபூர்வம். ஆகவே அகழாய்வில் கிடைக்கும் லாமெல்லர் பெரும்பாலும் ஒரு துருக்கட்டி. அதிலிருந்து கட்டைப் படிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எக்ஸ்-கதிர்ப் படம். கட்டியை உடைக்காமலே தகடுகளின் விளிம்பும் துளைகளும் தெரியும். எது எதன்மேல் ஏறியிருக்கிறது என்பதும் தெரியும். இரண்டாவது வழி துருவிலேயே இருக்கிறது. இரும்பு அரிக்கும்போது வெளியேறும் உப்புகள் பக்கத்தில் இருக்கும் தோலிலும் நூலிலும் ஊறி, அவை மக்குவதற்குள் அவற்றின் உருவத்தை எடுத்துக்கொள்கின்றன. தோல் போய்விடும், தோலின் அச்சு கனிமமாக நிற்கும். நுண்ணோக்கியில் வைத்தால் நார் ஓடிய திசைகூடத் தெரியும். துருவைச் சுரண்டித் தகட்டைப் பளபளப்பாக்கினால் இந்தச் சான்று அழிந்துவிடும்.

வறண்ட நிலங்கள் சில வேளை முழுப் பொருளையே கொடுத்துவிடும். சீனாவின் துர்பான் பாலைநிலத்தில், யாங்ஹாய் இடுகாட்டில் கிடைத்த ஒரு தோல் கவசத்தின் காலம் கி.மு. 786க்கும் 543க்கும் இடைப்பட்டது என்று கரிமக் கணிப்பு காட்டியது. அது செதில் வகை. 5,444 சிறு தோல் செதில்களும் 140 பெரிய செதில்களும் சேர்ந்து 4 முதல் 5 கிலோ எடை இருந்திருக்கும் என்று மதிப்பிட்டார்கள். திபெத்தில் லாமெல்லர் கவசங்கள் மண்ணுக்கே போகவில்லை. லாசாவின் பெரும் பிரார்த்தனை விழாவில் 20ஆம் நூற்றாண்டிலும் வீரர்கள் பழைய கவசம் அணிந்து அணிவகுத்தார்கள். போர்ப் பயன் போன பிறகு சடங்கு உடையாகவே அவை உயிர் வாழ்ந்தன. அதனால் தோல்வார்க் கட்டோடு இன்றும் கிடைக்கின்றன. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2006இல் இவற்றுக்கென்று ஒரு பெரிய கண்காட்சியே நடத்தியது. லாமெல்லர் கட்டும் முறையை நேரில் பார்த்துக் கற்க உலகில் இருக்கும் மிகச் சிறந்த பாடநூல்களில் இவை சேரும்.

இன்றைய பட்டறை

வரலாற்றை உடுத்திப் பார்க்கும் ஆர்வம் இன்று பல நாடுகளில் பெரிய இயக்கம். அமெரிக்காவில் 1966இல் தொடங்கிய ஒரு சங்கம் பிரம்புக் கழியைக் கொண்டு இடைக்காலச் சண்டைகளை நடத்துகிறது. ஐரோப்பாவில் மழுங்கிய எஃகு ஆயுதங்களோடு குழுவாக மோதும் போட்டிகள் 2010 முதல் சர்வதேச அளவில் நடக்கின்றன. இவர்களுக்கான கவசங்களில் பல நம் நாட்டின் டேராடூன் வட்டாரப் பட்டறைகளிலிருந்து போகின்றன.

நகல் செய்வதில் முதல் கேள்வி, எதற்காக என்பது. மேடைக்கும் படப்பிடிப்புக்கும் என்றால் எடைதான் எதிரி. அலுமினியத்தின் அடர்த்தி இரும்பில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதல். நாம் கணக்கிட்ட ஏழரைக் கிலோ கவசம் அதில் இரண்டரைக் கிலோ ஆகிவிடும். ஃபோம் தகடு அதைவிடவும் இலேசு. பிரம்புச் சண்டைக்காரர்கள் நீலநிற பிளாஸ்டிக் பீப்பாய்களை வெட்டித் தகடு எடுக்கிறார்கள். எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் அது, அடியை வாங்கி வளையும், உடையாது, துருவும் பிடிக்காது. எஃகு ஆயுதத்தோடு மோதுபவர்கள் ஸ்பிரிங் ஸ்டீல் தகடு கேட்கிறார்கள். சூடேற்றி எண்ணெயில் தோய்த்துப் பதமாக்கினால், மெல்லிய தகடே வளைந்து பழைய நிலைக்குத் திரும்பும். அந்தத் தன்மை எம்.எஸ். ஷீட் எனப்படும் சாதாரண மென் எஃகுத் தகட்டுக்கு இல்லை. கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் 18 அல்லது 20 கேஜ் எம்.எஸ். ஷீட் போதும்.

இரண்டாவது கேள்வி கயிறு. பாராசூட் கயிறு என்று விற்கும் நைலான் கயிறு சுமார் 250 கிலோ தாங்கும், மக்காது. ஆனால் வழுக்கும், முடிச்சு நிற்காது, வெயிலில் வலு குறையும், கிட்டத்தில் பார்த்தால் காலம் காட்டிக்கொடுத்துவிடும். தோல்வார் தோற்றத்துக்குப் பொருந்தும். ஆனால் நனைந்தால் நீளும். கோப்பதற்கு முன்பே வாரை நனைத்து இழுத்து உலரவைத்தால் பிறகு தளர்வு குறையும்.

ஆவாரம்பட்டையோ கடுக்காயோ போட்டுப் பதனிட்ட தோலில் டானின் இருக்கிறது. வேர்வையில் நனைந்த இரும்போடு அது சேர்ந்தால் கறுப்பான இரும்பு டானேட் உருவாகும். பழங்காலத்துக் கடுக்காய் மை இதே வினையில் உண்டானதுதான். புதுக் கவசத்தின் வார்கள் சில வாரத்தில் கறுத்துப்போவது இதனால். கறையோடு நிற்பதில்லை. தகடும் தகடும் ஒட்டிய இடுக்கில் உப்பு வேர்வை தேங்கும். அங்கே ஆக்சிஜன் குறைவு, வெளியே அதிகம். இந்த வேறுபாடே ஒரு சிறு மின்கலம்போல் வேலை செய்து, இடுக்கின் உள்ளிருந்து இரும்பை அரிக்கும். வெளிப்புறத்தை மட்டும் எண்ணெய் போட்டுத் துடைத்துப் பயனில்லை. கோப்பதற்கு முன்பே ஒவ்வொரு தகட்டுக்கும், துளையின் உட்சுவருக்கும் சேர்த்து, மெழுகோ பூச்சோ ஏற வேண்டும். துத்தநாகம் பூசிய தகடு நல்ல தீர்வுதான். ஆனால் அதைக் கறுப்பாக்க நெருப்பில் காட்டக்கூடாது. கிளம்பும் துத்தநாகப் புகையை மூச்சில் இழுத்தால் காய்ச்சலும் நடுக்கமும் வரும்.

எது சான்று, எது ஆசை

மூன்றாவது கேள்விதான் கடினமானது. இந்தக் கவசத்தை, இந்த இடத்தில், இந்தக் காலத்தில் யாராவது அணிந்தார்களா?

சுவீடனின் பிர்கா, வைக்கிங் காலத்து வணிக நகரம். அங்கே காவல்படை தங்கிய பகுதியில் லாமெல்லர் தகடுகள் கிடைத்தன. அவற்றின் உறவு கிழக்கே, புல்வெளி நாடோடிகளின் கவசங்களோடு இருக்கிறது. கிழக்கு வணிகப் பாதைகளோடு நெருங்கிய தொடர்புள்ள ஒரு படைப்பிரிவின் முகாம் அது. இந்த ஓரிடத்துச் சான்றை வைத்து, வைக்கிங் விழாக்களில் நூற்றுக்கணக்கானோர் லாமெல்லர் அணிகிறார்கள். காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. வளையக் கவசத்துக்கு ஆயிரக்கணக்கான வளையங்களைக் கோத்து ஒவ்வொன்றையும் ரிவெட் அடிக்க வேண்டும். லாமெல்லரை வீட்டிலேயே செய்யலாம், அடியும் நன்றாகத் தாங்கும், பார்க்கவும் கம்பீரம். ஆனால் வேடிக்கை பார்க்க வரும் குழந்தை, வைக்கிங் என்றாலே இந்தக் கவசம்தான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும். நார்வேயின் ஜெர்முண்ட்புவில் 1943இல் கிடைத்த தலைக்கவசமும் வளையக் கவசத் துண்டுகளும் வேறு கதை சொல்கின்றன. மறுநடிப்புக் குழுக்களுக்குள் இது ஓயாத விவாதம். இந்த விவாதம் நடப்பது நல்லது. சான்றுக்கு மதிப்புக் கொடுக்கும் இடத்தில்தான் இப்படி ஒரு விவாதம் வரும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதே சுவீடனில், கோட்லாண்ட் தீவின் விஸ்பி நகருக்கு வெளியே, 1361 ஜூலை 27இல் டென்மார்க் மன்னர் வால்டமாரின் படை உள்ளூர் விவசாயிகளை வெட்டிச் சாய்த்தது. கோடையில் உடல்கள் விரைந்து அழுகியிருக்க வேண்டும். பலரைக் கவசத்தைக் கழற்றாமலே பெருங்குழிகளில் புதைத்துவிட்டார்கள். 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் அவற்றைத் தோண்டியபோது, அக்காலத்துத் தகட்டு அங்கிகளுக்கு நடுவே லாமெல்லர் ஒன்றும் இருந்தது. 14ஆம் நூற்றாண்டு வடஐரோப்பாவில் அது பழங்காலப் பொருள். யாரோ ஒரு ஏழை, கையில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு களத்துக்கு வந்திருக்க வேண்டும். பெங்ட் தோர்டேமன் 1939இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கவசங்களைத் தகடு தகடாகப் பதிவு செய்தது. இன்று உலகில் மிக அதிகமாக நகல் எடுக்கப்படும் லாமெல்லர்களில் ஒன்று இது. அதை அணிபவர், தோற்றுப்போன அந்த விவசாயியின் உடையை அணிந்திருக்கிறோம் என்று அறிந்திருப்பது நல்லது.

உடம்பு சொல்லும் சாட்சி

நல்ல நகல் ஓர் ஆய்வுக் கருவி. 2011இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் கிரகாம் அஸ்க்யூ குழு, முழுத்தகட்டுக் கவச நகல்களை அணிந்து பழகியவர்களை டிரெட்மில்லில் நடக்கவும் ஓடவும் வைத்து மூச்சை அளந்தது. நடக்க ஆகும் ஆற்றல் இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியது. கால்களில் சுமந்த எடை இதற்கு ஒரு முக்கியக் காரணம். கிரேக்கத்தின் டெண்ட்ராவில் 1960இல் கிடைத்த 3,500 ஆண்டுப் பழைய வெண்கலக் கவசத்தின் நகலை, கிரேக்க மரைன் படை வீரர்கள் 13 பேர் 11 மணி நேரம் அணிந்து போர்ப் பயிற்சி செய்தார்கள். 2024இல் முடிவு வெளியானது. வெறும் சடங்குப் பொருள் என்று பலர் கருதிவந்த அந்தக் கவசம் போருக்குத் தகுதியானதுதான் என்று தெரிந்தது.

லாமெல்லரிலும் உடம்பு இப்படித்தான் சாட்சி சொல்லும். கடும் உழைப்பில் உடம்பு 500 வாட் வெப்பம் வெளியிடும் என்று கொள்வோம். அதை வேர்வையால் மட்டும் தணிக்க மணிக்கு முக்கால் லிட்டர் ஆவியாக வேண்டும். தகடும் பஞ்சங்கியும் அந்த ஆவியை மறிக்கின்றன. வேர்வை சொட்டுமே தவிரக் குளிர்விக்காது. எனவே வெயில் நாட்டில் இதை அணிபவர் தண்ணீரும் உப்பும் ஓய்வும் இல்லாமல் இறங்கக்கூடாது. எந்த வரிசை எங்கே உறுத்துகிறது, எந்த இடத்தில் கயிறு முதலில் தேய்கிறது, கையைத் தூக்கும்போது அக்குளில் எவ்வளவு திறக்கிறது என்பதையெல்லாம் அணிந்தவரால்தான் சொல்ல முடியும். அகழாய்வில் ஒரு கவசத்தின் ஓரத்தில் மட்டும் துளைகள் தேய்ந்திருந்தால், அது ஏன் என்று சொல்லக்கூடியவரும் அவர்தான்.

ஆனால் அவர் சொல்வது அறிவாக வேண்டுமானால் எழுதி வைக்க வேண்டும். எந்த அகழாய்வுத் தகட்டைப் பார்த்து வெட்டினேன், துளைகளை எந்த அளவில் போட்டேன், கட்டின் வழியில் எது சான்று, எது என் ஊகம், எத்தனை மணி நேர அணிதலுக்குப் பிறகு எங்கே அறுந்தது என்ற நான்கைந்து வரிகள் போதும். செய்யும்போதே குறித்துவிடலாம். அந்தக் குறிப்போடு வரும் கவசம், ஃபோமில் செய்ததாக இருந்தாலும், அடுத்தவர் சரிபார்க்கக்கூடிய ஒரு சோதனை ஆகிவிடும். குறிப்பு இல்லாத கவசம் எத்தனை துல்லியமாக இருந்தாலும் அதைச் செய்தவரோடு அதன் பாடம் முடிந்துவிடும். தகடு வெட்டக் கற்பவர்கள் குறிப்பு எழுதவும் சேர்த்தே கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே இந்தத் துறை இன்று கேட்கும் ஒழுக்கம்.